பாய்லருக்குப் பூ

டோஃபு பட்டறைக்காரி ஸ்ரீமுர்னியின் பாய்லரைச் சுற்றிப் பார்த்த தர்சோனோ, அலுப்போடு பெருமூச்சு விட்டார். சின்னப் பட்டறைகளின் விறகுச் செலவைக் குறைக்க, அரசும் ஒரு பெரிய கம்பெனியும் சேர்ந்து அனுப்பும் ஆலோசகர் அவர்.

"பாதி விறகு புகையாப் போகுதும்மா. புதுசு வாங்கப் பாதிப் பணம் திட்டத்துலயே தருவாங்க. மாத்திடு."

"ஏலத்துல சல்லிசாக் கிடைச்சதுண்ணே. முப்பத்தஞ்சு நாளைக்கொருக்கா வர்ற விசேஷ நாளு, கிளிவோன் வெள்ளி, தவறாம பூ வெச்சுக் கும்பிடுறேன். ஒரு குறையுமில்ல."

"இது ஆளையே முழுங்கிடும்மா."

"உங்களுக்கென்ன, சம்பளக்காரர்! பட்டறை நடத்திப் பார்த்தாத்தானே தெரியும்?"

அவர் பாய்லரின் முகப்பில் படிந்திருந்த கரியைக் கைக்குட்டையால் துடைத்தார். மங்கிய பெயிண்டில் எழுத்துகள் தெரிந்தன: 'தர்சோனோ டோஃபு'.

"நானும் கிளிவோன் வெள்ளி தவறாம பூ வெச்சேம்மா."