கடைசி அகப்பை

கந்தப்பளைப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றும்போது, நிர்வாக சபைத் தலைவர் மஹ்ரூப் ஹாஜியார் தினமும் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்பார்.

"தலைவருன்னா ஊழியக்காரன்தானே. எல்லாரும் வாங்கட்டும், மிச்சம் இருந்தா எனக்கு."

"நம்ம ஹாஜியாரைப் போல வருமா," என்று ஊரே மெச்சும்.

அன்றும் கஞ்சி ஊற்றும் நிப்ராஸ் அண்டாவைச் சாய்த்துச் சுரண்டி, கடைசி அகப்பையை அவருக்குத்தான் ஊற்றினான். நோன்பு திறந்து, கஞ்சியைக் குடித்து, மனசு நிறைய வெளியே வந்தார்.

கேட்டுக்கு வெளியே, தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கும் ஜீவராணி வெறும் வாளியோடு மழையில் நின்றிருந்தாள்.

"என்ன புள்ள, உள்ள வந்து நிக்கலாமே? இங்க யாரையும் இல்லேன்னு அனுப்புறதில்லையே."

"மேமலையில கொழுந்து நிறுத்துக் குடுத்துட்டு ஓடியாரேங்க மொதலாளி. மகளுக்குக் காச்சலு, கஞ்சிதான் கேக்குறா. நேத்தும் கெடைக்கல."

"ஏன்?"

அவள் கேட்டைப் பார்த்தாள்.

"நீங்க வந்து கடைசியில நின்னதும், இனி ஆள் இல்லேன்னு கேட்டைச் சாத்திப்புடுறாங்க."

உள்ளே யாரோ, "நம்ம ஹாஜியாரைப் போல வருமா," என்று சொல்வது கேட்டது. ஹாஜியார் தாடியில் ஒட்டியிருந்த கஞ்சியை அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.