உடையாத நுரை

"தண்ணிய நிறுத்துங்கண்ணே! இப்பவே நிறுத்துங்க!"

போனில் வந்த குரலைக் கேட்டதும் கனகராஜுக்கு எரிச்சல் பொங்கியது. காலையிலிருந்து ஆளாளுக்கு வந்து அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செமோர் ஊருக்கு அப்பால், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பழைய தோட்டம் அது. அதை ஒட்டிய சுண்ணாம்பு மலைக்குள் தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கப்பாதை வெட்டினார்கள். நேற்றைய மழையில் அதன் வாசல் சரிந்து மூடிக்கொண்டது. உள்ளே மூன்று பேர். அவர்களுக்குக் காற்று போக மேலிருந்து ஒரு துளை போட வேண்டும். அதற்காகத்தான் பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து கனகராஜையும் துளைபோடும் லாரியையும் வரவழைத்திருந்தார்கள்.

"யாரு தங்கச்சி இந்த ஆளு?"

"தனேஸ்வரன். எண்ணெய்க் கிணறு தோண்டுன இஞ்சினியர்ணே, இப்ப நம்ம கம்பெனியில இருக்காரு. நுரை வச்சுத் தோண்டுறதுல கெட்டிக்காரரு" என்றாள் குமுதா. சுரங்க வேலையின் மேற்பார்வையாளர். அந்தக் காட்டில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. நீளமாக ஒயர் இழுத்த ஒரு கறுப்புப் போனைக் கனகராஜின் காதருகே பிடித்திருந்தாள்.

"நானும் கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டுனவன்தான் லா" என்று போனுக்குள் கத்தினார் கனகராஜ். "தண்ணியும் சேறும் ஊத்தாம கல்லுத்தூள் எப்படி மேல வரும்?"

"ஊத்துன தண்ணி மேல வந்துச்சாண்ணே?"

கனகராஜ் துளையின் வாயை எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"மலைக்குள்ள பூரா பொந்து. ஊத்துறதெல்லாம் கீழதான் போகுது. கீழ ஆளுங்க இருக்காங்க. அழுத்தம் செத்துப்போன கேஸ் கிணத்துலயும் இதே கததான். சேறு ஊத்துனா பாறை குடிச்சிரும். அங்க நாங்க நுரைதான் விடுவோம். லேசா இருக்கும், ஆனா தூளத் தூக்கிட்டு வந்துரும். லூமுட் துறைமுகத்துலேர்ந்து சோப்பு டிரம் வந்துருச்சுல்ல? கொஞ்சம் தண்ணியில கலந்து காத்தோட சேர்த்து உள்ள அனுப்புங்க."

வேறு வழி தெரியவில்லை. கனகராஜ் கம்ப்ரசரை முடுக்கினார். கொஞ்ச நேரத்தில் துளையின் வாயிலிருந்து வெள்ளையாகக் கொப்பளித்து வந்தது.

"கையில அள்ளிப் பாருங்கண்ணே. நிக்குதா, ஒழுகுதா?"

"ஒழுகுது."

"அப்ப பாதி வழியிலயே உடைஞ்சிரும். தூள் திரும்பக் கீழ விழுந்து துளைபோடுற கம்பி மாட்டிக்கும். தண்ணியக் குறைங்க. அந்தச் சின்ன டிரம்ல பசை மாதிரி ஒண்ணு இருக்கும், அதக் கூட்டுங்க."

கூட்டினார். இப்போது நுரை முகச்சவரக் கிரீம்போலக் கையில் குவிந்து நின்றது. விரல்களுக்கிடையே சாம்பல் நிறக் கல்லுத்தூள் நறநறத்தது.

"வருது தம்பி!" என்றவர் உடனே குரலை இறுக்கிக்கொண்டார். "மழ வேற இருட்டிக்கிட்டு வருது. ஏசி ரூம்ல உக்காந்து பேசுறது லேசு லா. நீ இங்க வந்து நின்னு பாரு!"

"வர முடியலண்ணே" என்றது குரல், கோபமே இல்லாமல். "போனக் கொஞ்சம் குமுதாகிட்ட குடுங்க."

குமுதா நாலடி தள்ளிப்போய்ப் பேசினாள். "இல்லைங்க, அண்ணன்கிட்ட நான் எதுவும் சொல்லல... சரி... சொல்ல மாட்டேன்" என்பது மட்டும் கனகராஜ் காதில் விழுந்தது. என்னைப் பற்றித்தான் ஏதோ குறை சொல்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"என்னவாம் உங்க இஞ்சினியருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க வேலையப் பாருங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த துளைக்கம்பியைப் பூட்டக் காற்றை நிறுத்த வேண்டியிருந்தது. நுரை உடைவதற்குள் பூட்டி முடிக்க வேண்டும். கனகராஜின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. திருகுசாவி வழுக்கியது. மறுபடி பிடித்துத் திருகினார். காற்றைத் திறந்தார். நுரை வரக் காணோம். இருப்புக்கொள்ளாமல் லாரியைச் சுற்றி வந்தார். ஒரு பெரும் இருமலோடு வெள்ளை நுரை வெளியே தள்ளியபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"அவங்க இன்னும் உயிரோட இருக்காங்களா தங்கச்சி?"

"இருக்காங்கண்ணே." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கம்பி இறங்க இறங்கப் போனில் குரல் மெலிந்துகொண்டே வந்தது. நடுநடுவே மூச்சு வாங்கியது.

"பெலான் பெலான் அண்ணே... மெதுவா. அழுத்தாதீங்க. சத்தம் மாறுது."

"எனக்கே ஒண்ணும் கேக்கல, உனக்கு எப்படிக் கேக்குது?"

"கேக்குதுண்ணே. இன்னும் கொஞ்சந்தான்."

கனகராஜ் நெம்புகோலைப் பூப்போலப் பிடித்தார். சட்டென்று கம்பி குலுங்கி, பிடிமானமில்லாமல் ஒரு முழம் இறங்கியது. அதே நொடியில் துளையின் வாயில் நுரை நின்றுபோனது.

"அலாமா! போச்சு தங்கச்சி! நுரை வரல! எங்கயோ பொந்துக்குள்ள போயிருச்சு!" தலையில் அடித்துக்கொண்டு போனைப் பிடுங்கினார். "தம்பி! நுரை மேல வரல! இப்ப என்ன செய்ய? சொல்லு தம்பி!"

கொஞ்ச நேரம் இரைச்சல்தான் கேட்டது. பிறகு இருமல். அதற்குப் பிறகு, சிரிப்பும் அழுகையும் கலந்த அதே குரல்.

"காத்த மட்டும் விடுங்கண்ணே, நுரை போதும்... எங்க மூணு பேரு தலையிலயும் கொட்டுது."