டேங்க் வருது

“டேங்க் வருது! டேங்க் வருது! எல்லாரும் பின்னால போங்க!”

ராமசுப்பு போட்ட சத்தத்தில், வாசலில் படுத்திருந்த நாயே எழுந்து நின்றுவிட்டது.

அவர் கையில் இருந்தது செல்போன். அதில் வந்தது பறக்கிற டேங்க். கோயில் தேர் மாதிரி கனத்த உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத இரண்டு குட்டிச் சிறகு. எதிராளி கோட்டையைப் பார்த்து அசைந்து அசைந்து போகும்.

எட்டயபுரத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் சபியுல்லா, போனின் மறுமுனையில் கூட்டாளியாக ஆடிக்கொண்டிருந்தான். இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டவனே அவன்தான். ஆட்டத்துக்கு, சீட்டுக்கு ஒரு படையாக எட்டுச் சீட்டுதான் கொண்டுபோகலாம். டேங்க் ஒன்று போக, மற்ற ஏழையும் அதற்கு ஒத்தாசையாகப் பொறுக்கிச் சேர்க்க இரண்டு பேரும் ஒரு வாரமாக மண்டையை உடைத்தார்கள். டேங்கின் நிழலில் பதுங்கிப் போய்க் குண்டு போட ஒரு பருந்து. அண்ணாந்து அம்பு விடுகிறவர்களைப் பொசுக்க ஒரு தீச்சட்டி. ஆட்டத்தில் சொட்டுச் சொட்டாக ஊறுகிற மருந்தில் ஏழு துளி சேர்ந்தால்தான் டேங்கை இறக்க முடியும். அதுவரைக்கும் சொந்தக் கோட்டையைக் காக்க, ஒரு துளிக்கும் இரண்டு துளிக்கும் வருகிற வவ்வாலும் எறும்புப் படையும்.

“அண்ணாச்சி, டேங்கு அடிக்காது. அடி வாங்கும். அது வாங்குத நேரத்துல பின்னால நிக்கவன் சோலிய முடிச்சிரணும்.” இதுதான் சபியுல்லா சொன்ன பாடம்.

இத்தனை நாளும் ராமசுப்பு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முணுமுணுப்பார். இன்று ஒயர் செத்துப்போனது. வாய்விட்டுக் கத்திவிட்டார்.

கத்தினால் என்ன என்று கேட்பீர்கள். ராமசுப்புதான் அந்த ஊருக்கு டேங்க் ஆபரேட்டர். பதினோரு வருஷமாக மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். மோட்டார் புகைந்துபோய், காயில் கம்பி சுற்றிக் கட்டக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் ஒன்பது நாளாகிறது. அது திரும்பி வருகிறவரை, மூன்று நாளைக்கு ஒரு தரம் டிராக்டர் இழுத்துவருகிற டேங்க்தான் ஊருக்குக் கதி. அது எப்போது வருமென்று அவருக்குத்தான் போனில் சொல்வார்கள். தண்ணீர் விஷயத்தில் ராமசுப்பு வாயிலிருந்து வந்துவிட்டால் அது வந்த மாதிரிதான்.

வெயில் உச்சியில் நின்ற நேரம். தெருவில் ஒரு குரலை இன்னொரு குரல் தொட்டு இழுத்துக்கொண்டு போனது. “டேங்க் வருதாம்!” மூன்றாவது வீட்டைத் தாண்டிவிட்டால் முதலில் சொன்னது யாரென்று யார் கண்டது? பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ராமசுப்புவுக்கு உறைத்தது.

நடைக்கு ஓடிவந்தார். அதற்குள் வாசலில் இருபது குடம்.

அவர் மனைவி வெயிலுகந்தம்மாளும் கொல்லையிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள். அவர் கையைப் பார்த்தாள். திரையில் டேங்க் பறந்துகொண்டிருந்தது. ஒரு கணம்தான். அவரைத் தாண்டிப் போய் வாசல்படியில் நின்றுகொண்டாள்.

“எங்கட்டி டேங்கு?” முன்னால் நின்ற கிருஷ்ணவேணிச் சித்தி கேட்டாள்.

“வரல சித்தி. இவிய போன்ல யார்ட்டயோ பேசிக்கிட்டு இருந்தாவ. நாந்தான் பாதியக் காதுல வாங்கிட்டுக் கத்திட்டேன்,” என்றாள் வெயிலுகந்தம்மாள்.

சித்தி குடத்தைத் தொப்பென்று வைத்தாள். “அது காதாட்டி, எலிப்பொந்தா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வீட்டு சுடலைச்செல்வி சிரிக்கவில்லை.

“ஆபரேட்டரு வீட்டுச் சத்தம்னு நம்பி, கெடந்த அரைக்கொடத்தையும் ஆட்டுக்கு ஊத்திட்டுல்லா ஓடியாறேன் மதினி. கைப்பிள்ளைக்குப் பால்மாவு இனி எதுல கலக்க?”

ராமசுப்பு அப்போதுதான் மற்றக் குடங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் வாயிலும் ஈரம். புதுத் தண்ணீர் பிடிக்கப் போகிறவள் பழசைக் கவிழ்த்துவிட்டுத்தான் போவாள். அந்த ஊரில் அப்படித்தான். ஒரே சத்தத்தில் தெரு முழுக்கத் தன் கடைசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து நிற்கிறது.

கத்தினது நான்தான், விளையாட்டுக்குக் கத்தினேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால், நாளைக்கு நிஜ டேங்க் வந்து அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தியும் குடத்தைத் தொடமாட்டாள்.

“புருஷன் ஆபரேட்டருன்னா பொஞ்சாதி கலெக்டராக்கும்!” என்றாள் ஒருத்தி.

“ஆமா, எம் பெசகுதான்,” என்றாள் வெயிலுகந்தம்மாள். அடுத்த ஏச்சுக்கும் அதையேதான் சொன்னாள். அகலமான முதுகு அவளுக்கு. அதன் பின்னால், கதவை ஒட்டி நின்றார் ராமசுப்பு.

அவர் கைக்குள்ளிருந்து சபியுல்லா உற்சாகமாகக் கூவினான்.

“அண்ணாச்சி, டேங்கு அடி வாங்கட்டும்! நீங்க முன்னால வந்துராதீங்க, பின்னாலேயே நில்லுங்க!”

போனை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார்.

ஏசி முடித்துத் தெரு கலைந்தது. வெயிலுகந்தம்மாள் உள்ளே வந்து குடத்தை இறக்கினாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விளையாட்டுச் சத்தம் என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும், நம்மைக் காப்பாற்றத்தான் சாக்குக்கு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். சுடலைச்செல்வியின் பிள்ளைக்காவது ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிடுவோம் என்று செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

போன தடவை டேங்க் வந்தபோது அவர் கையால் நிரப்பி வைத்த குடம், கழுவிக் கவிழ்த்த வாக்கில் கல்லின் மேல் இருந்தது.

முருங்கை மரத்து மூட்டில் கரிசல் மண் இன்னும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.