ஐந்நூறுக்குள் ஒரு சம்பந்தம்

"யாரும் குடிக்காதீங்க!"

செல்லப்பா போட்ட சத்தத்தில், தட்டோடு வந்த அம்ருதா அப்படியே நின்றுவிட்டாள். தட்டில் விஷம் ஒன்றும் இல்லை. கொச்சியில் எந்த வீட்டுக்குப் போனாலும் கொடுப்பார்களே, பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர், அதுதான்.

"ஏங்க, நாம பொண்ணு பாக்க வந்திருக்கோம். ரெய்டுக்கு வரல" என்றாள் அவர் மனைவி பாண்டிச்செல்வி.

"நீ சும்மா இரு. தண்ணி சரியில்லாத வீட்டுல சம்பந்தம் பண்ணி, நாளைக்கு என் பேரனுக்கு ஏதாச்சும் வந்தா நீயா பாப்ப?"

"பேரன் வரணும்னா மொதல்ல மருமக வரணும்லா?"

பள்ளுருத்தியில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் மிஷின் விற்பவர் செல்லப்பா. விசிட்டிங் கார்டில் 'வாட்டர் டாக்டர்' என்று போட்டிருப்பார். பட்டம் வழங்கியது கார்டு அடித்துக் கொடுத்த அச்சகம். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் மீட்டர் செருகியிருப்பார். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது சொல்லும். அதைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. அவருக்கும்தான்.

மகன் மாரிச்செல்வத்துக்குப் பார்த்த முதல் பெண், மீட்டர் காட்டிய எழுநூற்று இருபதில் கழிந்துபோனாள். அடுத்தவள், சுள்ளிக்கல்காரி, தொள்ளாயிரத்தில் போனாள். "பொண்ணு தங்கம்தான், தண்ணிதான் உப்பு" என்று தரகரிடம் கைவிரித்தார் செல்லப்பா. இந்த மூன்றாவது இடம், மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி. தரகர் போட்டோவைக் கொடுத்த அன்றே அம்ருதாவின் போன் நம்பரையும் வாங்கிவிட்ட மாரிச்செல்வம், "இவ இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். வந்ததும் வராததுமாகப் பழப் பையைத் தானே சமையல்கட்டு வரை தூக்கிக்கொண்டுபோய் வைத்தான்.

"இப்பவே வீட்டோட மாப்பிள்ளையாடா?" என்று பாண்டிச்செல்விகூடச் சிரித்தாள்.

செல்லப்பா மீட்டரை உருவினார்.

"பாருங்க அண்ணாச்சி. குடிதண்ணிக்கு ஒரு வரம்பு போட்டிருக்கான். லிட்டருக்கு ஐந்நூறு மில்லிகிராம். அதுக்கு மேல ஒண்ணு கூடினாலும் நான் எந்திரிச்சிருவேன்."

வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் இரண்டாயிரம் வரை பரவாயில்லை என்று அதே விதி அடுத்த மூச்சில் சொல்கிறது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மிஷின் விற்காது.

பெண்ணின் அப்பா இசக்கிராஜா வற்றல் மிளகாய் மொத்த வியாபாரி. கிடங்கு நிறைய மிளகாய் நெடி அடித்தாலும் தும்மாதவர், இப்போது இருமினார். மட்டாஞ்சேரிக் கிணறுகள் எல்லாமே கடலோடு கலக்கும் காயலுக்குச் சொந்தபந்தம். உப்பு இல்லாமல் இருக்குமா?

"இந்தக் கலர் தண்ணி வேண்டாம்மா. பச்சத் தண்ணி கொண்டா" என்றார் செல்லப்பா.

"இப்ப கொண்டாரேன் மாமா."

அம்ருதா உள்ளே போனாள். அவள் அம்மா கற்பகம், திருநெல்வேலியில் தொடங்கிக் கொச்சி வரை வழியில் இருக்கும் சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

டம்ளர் வந்தது. மீட்டர் முங்கியது.

செல்லப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மீட்டரை உதறி மறுபடி முக்கினார்.

"பதினாலு! எங்க கடை மிஷின்லயே நாப்பதுக்குக் கீழ வந்ததில்லயே! எந்தக் கம்பெனி மிஷின்மா?"

"ஜப்பான் கம்பெனி, மாமா."

"நெனச்சேன்! தண்ணி வேகமா வருமா?"

"இல்ல மாமா, சொட்டுச் சொட்டாத்தான். ராத்திரி பூரா ஓடினா ஒரு பக்கெட்டு."

"அதான் டெக்னாலஜி! நல்லது நிதானமாத்தான் வரும். கேட்டுக்க பாண்டி."

"முப்பது வருசமா உங்ககிட்ட அதத்தான எதிர்பாக்கேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

செல்லப்பா பரவசமாக டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். மாரிச்செல்வம் பாய்ந்து பிடுங்கினான்.

"அப்பா! மீட்டர் முக்கின தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"பாத்தீங்களா அண்ணாச்சி, பிள்ளைய எப்படி வளத்திருக்கேன்!"

தண்ணீர் ஜன்னல் வழியே செம்பருத்திக்குப் போனது. சம்பந்தம் கூடிய சந்தோஷத்தில் செல்லப்பா, மீட்டர் படாத இளஞ்சிவப்புத் தண்ணீரையே எடுத்து மடமடவென்று இரண்டு டம்ளர் குடித்தார். "அமிர்தம்!" என்று ஏப்பம் விட்டார். கொதித்த கிணற்றுத் தண்ணீர், வரம்பு எதுவும் கேட்காமல் வயிற்றுக்குள் இறங்கியது.

பாண்டிச்செல்வி பெண்ணுக்குப் பூ வைத்தாள். தாம்பூலம் கை மாறியது. சாயாவும் பழம்பொரியும் வந்தன.

"சீர் ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. அந்த மிஷினுக்கு ஏஜென்சி மட்டும் எனக்கு வாங்கிக் குடுத்திருங்க."

"எந்த மிஷின்?" என்று விழித்தார் இசக்கிராஜா.

"அடடா, தொழில் ரகசியம்! சம்பந்திகிட்டயுமா மறைப்பீங்க?" என்று அவர் முதுகில் தட்டிச் சிரித்தபடியே படியிறங்கினார் செல்லப்பா.

செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கிய மாரிச்செல்வத்திடம் அம்ருதா கிசுகிசுத்தாள்: "மாமா நாளைக்கே மிஷினப் பாக்க வந்து நின்னா எந்தா செய்யுறது? எங்க வீட்டுல ஃபேன் மட்டும்தான இருக்கு!"

"இங்க எதுக்கு வாராரு? அது அவரு தலைக்கு மேலதான மாட்டியிருக்கு" என்றான் மாரிச்செல்வம். "தெனமும் ராத்திரி பதினெட்டுல வச்சுட்டு, அந்த ஏசிக்குக் கீழதான் குறட்டை விடுதாரு. வெளிய பைப்பு சொட்டுற எடத்துல பக்கெட்டு வச்சதும், பழப் பைக்குள்ள பாட்டில்ல கொண்டாந்ததும் மட்டும்தான் நான்."