இரண்டு மூடி கன்னிவாடி

பகல் பன்னிரண்டு மணிக்கு எலைட் கடையின் ஷட்டர் ஏறியதும், வாசலில் முண்டிக்கொண்டிருந்த ஆண்கள் பிரிஸ்கில்லா டீச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

அறுபத்து மூன்று வயசுப் பெண்மணி, சுங்குடிச் சேலையும் கைப்பையுமாக டாஸ்மாக்கில் வந்து நிற்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நாளையிலிருந்து மூன்று நாள், ஓட்டுப்பதிவுக்காகக் கடை அடைப்பு. நாளை மறுநாள், போன வருஷம் இறந்த அவள் புருஷன் கஸ்பாருக்கு முதல் வருஷப் பூசை. இன்றைக்கு விட்டால் கிடைக்காது.

ஸ்காட்ச் வகையெல்லாம் கடைசி அலமாரியில் இருந்தன. விலைச் சீட்டை அவள் குனிந்து படித்தாள். கஸ்பார் கடைசியாக வாங்கியதைவிட ஐந்நூறு ரூபாய் ஏறியிருந்தது. இந்த விலைக்கு ஒரு மாச மளிகை வாங்கிவிடலாம். இருந்தாலும் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவள் ஒரு மதுக்கடைக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வாங்கி வந்ததெல்லாம் கஸ்பார்தான்.

வருஷத்துக்கு ஒன்று. லாரி புக்கிங் ஆபீஸ் சம்பளம் அதற்கு மேல் தாங்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, பேகம்பூர் வழியாகக் கொண்டு வருவார். எத்தனை தாள் சுற்றினாலும் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

முதல் பாட்டில், கப்பலில் வேலை பார்த்த அவள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. கல்யாணமான புதுசு. வெளியே மழை. மூடியைத் திருகியதும் வீடெல்லாம் ஒரு வாசம் எழுந்தது. கன்னிவாடியில், அவள் பிறந்த வீட்டில், ஈர விறகு புகையுமே அந்த வாசம். அதற்குள்ளே எங்கேயோ வெல்லம் காய்கிற மாதிரியும் இருந்தது.

"ஏங்க, எங்க ஊரு வாசம்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஸ்காட்சுக்குக் கன்னிவாடி என்று பெயர்.

சனிக்கிழமை சாயந்திரம்தான் கன்னிவாடி. கஸ்பார் மூடியால் அளந்து ஊற்றுவார். இரண்டு மூடி, மேலே கொஞ்சம் தண்ணீர். பக்கத்தில் ஒரு தட்டில் வறுத்த கடலை.

"வருசம் முழுக்க வரணும்ல, இம்புட்டுதான்" என்று சொல்லி மூடியை இறுக்குவார்.

பிறகு மறுநாள் கோயில் பூசையில் தான் வாசிக்க வேண்டிய வேத வாசகத்தை எடுத்து உரக்கப் படித்துப் பழகுவார். கனத்த குரல். உச்சரிப்பு பிசகினால் அவள் திருத்துவாள். கிளாஸ் காலியாகும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருக்கும்.

ஒரு வருஷம் இங்கே விலை கட்டுபடியாகவில்லை என்று பாண்டிச்சேரிக்குப் போனார். திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்தார்கள். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, அரை நாள் உட்கார வைத்து அனுப்பினார்கள். அதே பஸ்ஸில் வந்த யாரோ ஒருவர் அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்து சொல்லிவிட்டார்.

அந்த வாரமே கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையிலிருந்து கிளெமென்ட் வீட்டுக்கு வந்தார்.

"குடிக்கிறவரு வேதம் வாசிக்கலாமான்னு சனங்க கேக்குறாங்கண்ணே."

கஸ்பார் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுக்களை வாசலில் நின்ற பிரிஸ்கில்லாவை ஒரு தரம் பார்த்தார். உள்ளே போய் வாசகப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்துவிட்டார். அவளும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்போது அவளுக்குத் தலைமை ஆசிரியை பதவி வரவிருந்த நேரம்.

அதன் பிறகும் பழைய பைபிளை வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் அவர் வாசித்தார். பத்தொன்பது வருஷம். கேட்க அவள் ஒருத்திதான்.

தூக்கத்திலேயே நெஞ்சு நின்று போனவர் அவர். ஆனாலும் சாவு வீட்டில், "அந்தப் பழக்கம் மட்டும் இல்லேன்னா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு" என்று யாரோ சொன்னார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் காதில் அது விழுந்தது. அன்றைக்கும் அவள் பேசவில்லை.

"டீச்சர்?"

திரும்பினாள். கிளெமென்ட் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையிலிருந்த இரண்டு பிராந்தி பாட்டில்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மருமகன் வந்திருக்காப்ல..." என்று இழுத்தவர், அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் கனிந்தார். "அண்ணன் கல்லறையில வைக்கவா? நல்ல காரியம். அவருக்குப் பிடிச்சதாச்சே. கொடுங்க, நான் பில் போட்டு வாங்கியாறேன். நீங்க வெளிய நில்லுங்க."

கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். வெளியே போய் மர நிழலில் நின்றுகொள்ளலாம்.

அவள் பாட்டிலைக் கொண்டுபோய்க் கவுண்டரில் தானே வைத்தாள்.

"அவரு ஒரு நாளும் இதை வாயில வச்சதில்ல, தம்பி" என்றாள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். "இது எனக்கு. இதுக்கு முன்னாடி வாங்குன அம்புட்டும் எனக்குத்தான்."