ராஜா கட்டின சுவர்

“பொய்! முழுப் பொய்! இந்தச் சுவரை எந்த ராஜாவும் கட்டலை!”

அப்பா போட்ட சத்தத்தில், கூட்டத்துக்கு முன்னால் குடையை உயர்த்திப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்த வழிகாட்டி அப்படியே நின்றுவிட்டார். பஸ்ஸில் வந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்கு மானம் போயிற்று.

ஏற்கெனவே எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்தான். ‘வெளிநாட்டில் பழங்காலச் சின்னங்கள், ஒரே நாளில் ஏழு இடங்கள், தமிழிலேயே விளக்கம்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து பார்த்தது என்ன? முதல் இடத்துக்குப் பூட்டு. இரண்டாவது, மராமத்து என்று துணி போட்டு மூடியிருந்தது. மூன்றாவதை பஸ் ஜன்னல் வழியாகவே, “அதோ தெரியுது பாருங்க” என்று காட்டி முடித்துவிட்டார் மனுஷன். ஆனால் அவருக்கு வேண்டப்பட்ட பொம்மைக் கடையில் மட்டும் முழுசாக ஒன்றரை மணி நேரம்! அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அதைக்கூட மகள் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது இந்தக் கோட்டை ஒன்றுதான். ஆயுசெல்லாம் கொத்தனார் வேலை பார்த்து முதுகு ஒடிந்துபோன அப்பாவை, ஒரு தடவையாவது சும்மா சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. “எங்கேப்பா போகலாம்?” என்று கேட்டதும் யோசிக்காமல் இந்தக் கோட்டைப் பெயரைச் சொன்னார். தனக்கென்று வாய் திறந்து எதையும் கேட்டறியாத மனிதர்! இன்று ஐந்து மணிக்கே எழுந்து ஷேவ் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சந்தோஷப்படுவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் அவள் வந்திருந்தாள். இப்போது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“ஐயா, இது ஆயிரத்து எண்ணூறு வருஷத்துச் சுவருங்க. ராஜாவே நேர்ல நின்னு கட்டினது. ஒரு கல்லுகூட அசையலை,” என்றார் வழிகாட்டி.

“அப்புறம் வேற யாரும் கை வைக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“வேற யாருங்க வைப்பாங்க?”

“கல்லு இடுக்குல சிமென்ட் இருக்கே! உங்க ராஜா எந்தக் கடையில மூட்டை வாங்கினாரு?”

கூட்டத்தில் கொல்லென்று சிரிப்பு. வழிகாட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. “புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, எல்லாரும் போட்டோ எடுத்துட்டு ஏறுங்க.”

“ஏறுறவங்க ஏறட்டும். நீங்க உண்மையைச் சொல்ற வரைக்கும் நான் நகரமாட்டேன்!” அப்பா சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா, எழுந்திருங்க. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும்மா. இவரு வாயால வரணும்.”

“பெரியவங்களைக் கூட்டிட்டு வந்தா சொல்லி வெச்சுக் கூட்டிட்டு வரணும்மா,” என்று முணுமுணுத்தார் வழிகாட்டி.

அவ்வளவுதான், அதுவரை கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்த மகளுக்குச் சுருக்கென்றது. “என்ன சார் சொன்னீங்க? நாற்பது வருஷம் கரண்டி பிடிச்ச கை அவரோடது. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். மரியாதையா உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா உங்க ஆபீஸ்ல புகார் எழுதிக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை!”

புகார் என்றதும் மனுஷன் இறங்கி வந்தார். குடையை மடக்கினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார். “சரிம்மா. பழைய சுவர் பூகம்பத்துல விழுந்துடுச்சு. இது முப்பது, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி திரும்பக் கட்டினது. அதைச் சொன்னா வர்றவங்களுக்குச் சப்புன்னு போயிடும்னு, மேலிடத்துல சொல்லவேண்டாம்னுட்டாங்க.”

“அப்போ டூப்ளிகேட்டா?” என்று பாய்ந்தார், காலையிலிருந்தே எல்லோரையும்விட அதிகமாகப் புலம்பிக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். “இந்த வெயில்ல இதைப் பார்க்கவாய்யா இழுத்துட்டு வந்தே? எவனோ கூலிக்கு மாரடிச்சவன் அடுக்கி வெச்ச கல்லு! நல்லவேளை, பெரியவர் கண்டுபிடிச்சார். யாரும் போட்டோ எடுக்காதீங்க. வாங்க, பஸ்ஸுக்குப் போவோம்!”

“ஆமாமா, பித்தலாட்டம்!” என்று இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எடுத்த படத்தை ஓர் அம்மாள் செல்போனிலிருந்து அப்போதே அழித்தார்.

எப்படியோ அப்பா ஜெயித்துவிட்டார், இனியாவது சிரிப்பார் என்று மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பா எழுந்து நின்றிருந்தார். கண் சிவக்க, நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“யாரை எவனோங்கிறீங்க? ஒவ்வொரு கல்லையும் ரசமட்டம் வெச்சுப் பார்த்துப் பார்த்துக் கட்டினது சார்!”

“உங்களுக்கு ஏன் பெரியவரே கோபம்? உங்க பக்கம்தானே பேசறேன்?”

அப்பா மகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“இவ பொறந்த சேதி இந்தச் சுவர்ல நிக்கும்போதுதான் எனக்கு வந்துச்சு. பெத்த பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காம, அஞ்சு வருஷம் நான் கட்டின சுவருங்க இது!”