பத்தாவது கையெழுத்து

சுயேச்சை வேட்பாளர் திருமலைக்கு இன்னும் ஒரே ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

சுயேச்சையாக நிற்பவரை முன்மொழியத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். பத்தாவதாக வருகிறேன் என்றவர் காலையிலிருந்து போனை அணைத்து வைத்திருக்கிறார். இன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள்.

அந்தத் தொகுதியில் ஐந்து தேர்தலாக ஒரே கட்சிதான் ஜெயிக்கிறது. எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் திருமலைக்கு மட்டும் ஏனோ அது வந்துவிட்டது.

பாவம், அவர் நிலைமை வேடிக்கையானது. விளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுப்பார். மானம் போகிறதே என்று கட்சிக்காரர்கள் ஓட்டுப்பதிவுக்குள் அத்தனையையும் சரிசெய்துவிடுவார்கள். அப்புறம் ஜனங்கள் ஓட்டையும் அவர்களுக்கே போட்டுவிடுவார்கள்.

போன தடவை அடி அண்ணாமலை வாக்குச்சாவடியில் திருமலைக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அந்தப் புண்ணியவானைக் கண்டுபிடித்துவிட்டால் கையெழுத்துக் கிடைத்துவிடும் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

டீக்கடை அர்ஜுனன், அந்த ஓட்டு தன்னுடையதுதான் என்றார். பூக்கட்டும் சந்திரம்மாளும் அதையே சொன்னாள். அரை மணி நேரத்தில் ஏழு பேர் அந்த ஒரு ஓட்டுக்குச் சொந்தம் கொண்டாடிவிட்டார்கள். பேனாவை நீட்டியதும் ஒருவருக்கு அடுப்பில் பால் பொங்கியது, இன்னொருவருக்குக் கை சுளுக்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கட்சியின் கிளைச் செயலாளர் ராஜேந்திரன் புல்லட்டில் வந்து இறங்கினார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் திருமலையின் கையிலிருந்த மனுவைப் பிடுங்கிப் புரட்டினார்.

"பத்து பேரைச் சேக்க முடியல, நீ எம்.எல்.ஏ. ஆவப் போறியா?"

கடையே சிரித்தது. ராஜேந்திரன் மனுவை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

மணி இரண்டு. திருமலைக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு பின்னாலேயே துரத்தினார்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் புல்லட் நின்றிருந்தது. ராஜேந்திரன் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு மனுவை நீட்டினார். பத்தாவது கட்டத்தில், வரிசை எண்ணோடு, புதிதாக ஒரு கையெழுத்து. மண்ணாங்கட்டி.

"யாருண்ணே இது?"

"நான்தான்யா. வோட்டர் லிஸ்டுல என் பேரு அதான். எனக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கலைன்னு எங்கம்மா வெச்சது. கட்சி ஆபீஸ்ல எவனுக்கும் தெரியாது."

 எதற்காக இப்படி என்று திருமலை கேட்டார்.

"ஸ்கூல்ல பொம்பளைப் புள்ளைங்களுக்கு கக்கூஸ் கட்டுங்கன்னு நாலு வருசமா எங்காளுங்ககிட்ட நடந்து என் செருப்புதான் தேஞ்சுது. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ நோட்டீஸ்ல போட்டா பத்து நாள்ல கட்டிடுவாங்க. மொத வரியா அதைப் போடு."

ராஜேந்திரன் புல்லட்டை உதைத்தார்.

"சீக்கிரம் போ. போன தடவை இந்த ஊர்ல விழுந்த அந்த ஒரு ஓட்டு, இந்தத் தடவையும் உனக்குத்தான்."